வெயிலில் வெளிறாத பச்சை

அமெரிக்க நாட்டின் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரத்தார் 1965ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு புதுமையான விளையாட்டரங்கைத் திறந்து வைத்தனர். அஸ்ட்ரோடோம் என்பது அதன் பெயர். பேஸ்போல் என்னும் பந்தாட்டத்தை மழையும் வெயிலும் தீண்டாத கூரையின் கீழ் ஆடவேண்டும் என்பது அவர்களின் அவா. கூரையிலே கண்ணாடி போன்று ஒளியை உட்புகவிடும் பிளாஸ்டிக் பலகைகளைப் பதித்தனர். கீழே இயற்கைப் புல்லை வளர்த்தனர். ஆயின் ஆட்டம் தொடங்கியதும் ஓர் இடையூறு தோன்றியது. பகல் வேளையில் உயர எழுந்த பந்தை அண்ணாந்து பார்த்த வீரர்களின் கண்கள் கூசின. பந்து கூரையின் ஒளியில் மறைந்து போயிற்று. ஆகவே பலகைகளின்மீது வெண்பூச்சுப் பூசினார்கள். கண்கூச்சம் நீங்கியது, ஒளி குறைந்தமையால் புல் மடிந்தது. அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்கள், மடிந்த புல்லின்மீது பச்சை வர்ணம் பூசப்பட்ட தரையிலேயே நடைபெற்றன.

அடுத்த ஆண்டில், அதாவது 1966இல், மொன்சாண்டோ நிறுவனத்தார் ஆக்கிய நைலோன் புற்றரை அங்கே விரிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, புறொவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிறவுண் பாடசாலையில் அந்தப் புற்றரையைப் பரீட்சித்துப் பார்த்திருந்தனர். ஹூஸ்டன் அரங்கின் புகழினால் அதற்கு அஸ்ட்ரோரேவ் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. 1967ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மைதானத்துக்கும் அது சென்றது. கூரையின் கீழ் இருந்த புற்றரைக்கு இல்லாத பகைவன் ஒருவன் திறந்தவெளியிலே காத்திருந்தான். அவன்தான் சூரியன்.

புல்லுக்கு உயிர் கொடுக்கும் சூரியனே செயற்கைப் புல்லுக்குப் பகைவனாவது விந்தையாகத் தோன்றலாம். உண்மையில், உயிருள்ள புல்லின் பச்சையமும் வெயிலில் சிதைவதே. ஆயினும் புல் தன் பச்சையத்தை நாள்தோறும் புதிதாக ஆக்கிக் கொள்கிறது. பறித்து வெயிலிற் போட்ட புல் சில நாட்களில் வைக்கோல் நிறம் அடைவதை யாவரும் கண்டிருக்கிறார்கள். ஆக்குதல் நின்றதும் அழிதல் மாத்திரமே எஞ்சுகிறது. செயற்கைப் புல்லோ பிறந்த நாளிலேயே பறித்த புல். அதற்குத் தொழிற்சாலையிற் கொடுக்கப்படும் நிறம் ஒருமுறை கொடுக்கப்படுவது. அதன் ஆயுள் முழுவதற்கும் அதுவே முதல். அவ்வாறு நிலைத்து நிற்கும் ஒரு பச்சையை மனிதர் எவ்வாறு தேடினர், அத்தேட்டத்துக்கு எத்தகைய விலை கொடுத்தனர் என்பதே இங்கு சொல்லப்படும் வரலாறு.

முதலிலே, வெயில் நிறத்தை எவ்வாறு அழிக்கிறது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். சூரிய ஒளியில், கண்ணுக்குப் புலனாகும் நிறங்களோடு, ஊதாவுக்கு அப்பால் உள்ளனவும் கண்ணுக்குப் புலனாகாதனவுமான கழியூதாக் கதிர்களும் கலந்துள்ளன. இவை ஆற்றல் மிக்கவை. ஒரு பொருளின் அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிணைப்புகளை இவை அறுத்துவிடக் கூடும். அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஒட்சிசன் புகுந்து மேலும் சிதைக்கிறது. மழைநீர் சிதைந்தவற்றைக் கழுவிச் செல்கிறது.

நிறம் ஊட்டும் பொருள்கள் இருவகையின. சாயம் என்பது நீரிற் சீனி கரைவதுபோலக் கரைந்து பரவுவது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்து நின்று வெயிலை எதிர்கொள்கிறது. நிறமி என்பது கரையாத நுண்துகள். ஒரு துகளிலே எண்ணற்ற மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன. புறத்தே உள்ளவை அழிந்தாலும் அகத்தே உள்ளவை காக்கப்படுகின்றன. வெயிலில் நெடுங்காலம் கிடக்கவேண்டிய பொருளுக்குப் பொதுவாக நிறமியையே நாடுவதற்கு இதுவே காரணம். செந்நிறத்துக்கு அத்தகைய நிறமி ஆதிகாலந்தொட்டே கிடைத்தது. இரும்பின் துரு என்று சொல்லத்தக்க செங்காவியே அது. ஒட்சிசனோடு கூடவேண்டிய அளவு கூடிவிட்டமையால் அதனை வெயில் மேலும் மாற்றுவது அரிது. சிகிரியாக் குன்றிலே தீட்டப்பட்ட ஓவியங்களிற் காவி நிறங்கள் நூற்றாண்டுகள் பல கடந்தும் நிற்பது இதனாலேயே. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகர ஒலிம்பிக் விழாவில், முதன்முறையாகச் செயற்கைப் பொருளாலான ஓடுபாதை அமைக்கப்பட்டது. அதன் பின்னர் உலகெங்கும் பரவிய செந்நிற ஓடுபாதைகளுக்கு நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் அதே இரும்பு ஒட்சைட்டுத்தான்.

ஆயின் பச்சைக்கு அத்தகைய நல்வாய்ப்பு இலகுவிற் கிட்டவில்லை. பூமியில் எங்கும் நிறைந்த நிறம் பச்சையே எனினும், ஒளிமிக்கதும் நிலைத்ததுமான பச்சை நிறமி மனிதர் கையில் நெடுங்காலம் அகப்படவில்லை. 1775ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, செம்பையும் ஆசனிக்கு எனும் பாஷாணத்தையும் சேர்த்து ஒரு பச்சையை ஆக்கினார். 1814இல் ஜேர்மனியில் அதனினும் ஒளிமிக்க மரகதப் பச்சை ஒன்று வெளிவந்தது. அதுவும் ஆசனிக்குச் சேர்ந்ததே. ஐரோப்பிய மக்கள் அந்நிறத்தில் மயங்கினர். சுவரில் ஒட்டும் காகிதம், ஆடை, விளையாட்டுப் பொருள் எனப் பலவற்றிலும் அது இடம்பெற்றது. மாதர் கூந்தலிற் சூடிய செயற்கைப் பூக்களின் இலைகளுக்கும் அப்பச்சைப் பொடியே தூவப்பட்டது.

இலண்டனில் அத்தகைய செயற்கை இலைகளுக்குப் பொடி தூவும் வேலை செய்தவள் மெற்றில்டா ஷூரர் என்னும் 19 வயது நங்கை. 1861ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவள் இறந்தாள். வேலைத்தலத்தில் மூச்சோடும் உணவோடும் உட்சென்ற பொடியே அவளைக் கொன்றது. இறக்கும் தறுவாயில் அவளது கண்வெள்ளை பச்சையாகியிருந்தது. காண்பவை யாவும் பச்சையாகத் தெரிவதாக மருத்துவரிடம் அவள் கூறினாள். அவள் மரணம் நகரத்தாரைத் திடுக்கிட வைத்தது. மாதர் சுகாதாரச் சங்கமொன்றின் வேண்டுகோளின்பேரில், பேரறிஞர் ஒகஸ்து வில்லியம் ஹொப்மன் அப்பச்சை இலைகளை ஆராய்ந்தார். தலையிற் சூடும் ஒரு மாலையிலுள்ள ஆசனிக்கு இருபது பேரைக் கொல்லப் போதுமானது என்று 1862ஆம் ஆண்டிற் பத்திரிகை வாயிலாக அவர் அறிவித்தார். உயிருள்ள இலையைப் போன்ற பச்சையை உயிரற்ற இலைக்கு ஊட்டமுயன்ற மனிதர் கொடுத்த முதல் விலைகளுள் ஒன்று இந்த இளம்பெண்ணின் உயிர்.

இதே ஹொப்மனின் மாணாக்கர்தான் வில்லியம் பேர்க்கின். 1856ஆம் ஆண்டில், பதினெட்டு வயதிலேயே, நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு மோவ் என்னும் ஊதாச் சாயத்தை ஆக்கியவர் அவர். அதன்பின் தார்ச் சாயங்கள் பல தோன்றின. அவை கண்ணைப் பறித்தன. ஆயினும் அவற்றுட் பல வெயிலில் விரைவில் வெளிறின. மறுபுறம், 1797ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வோக்லன் கண்டறிந்த குரோமியம் என்னும் உலோகம் புதிய நிறங்களைத் தந்தது. குரோமியப் பச்சைகள் உறுதியானவை. ஆயினும் குரோமியம் ஒட்சைட்டின் பச்சை சற்று மங்கலானது. ஈயமும் குரோமியமும் சேர்ந்த ஈயக் குரோமேற்றோ ஒளிமிக்க மஞ்சள். அந்த மஞ்சளை நீலத்தோடு கலந்தால் இளம்புல்லின் பச்சை பிறக்கும். மலிவும் மறைக்கும் வலிமையும் உடைய அந்த மஞ்சள் உலகெங்கும் பரவியது. அதனுள்ளே ஈயம் இருந்தது என்பதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. இவ்வரலாற்றின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

விடிவு ஸ்கொத்லாந்தில், ஒரு பாத்திரத்தின் வெடிப்பினூடாக வந்தது. 1928ஆம் ஆண்டில் கிறேஞ்மவுத் என்னும் ஊரிலுள்ள சாயத் தொழிற்சாலையொன்றில், கண்ணாடிப் பூச்சிட்ட இரும்புப் பாத்திரத்தில் தலிமைட்டு என்னும் வெண்ணிறப் பொருளைத் தயாரித்து வந்தனர். ஒருமுறை வெண்பொருளினூடே நீலம் கலந்த பச்சை மாசு தென்பட்டது. உட்பூச்சு வெடித்து, உள்ளிருந்த இரும்பு பொருளோடு தாக்கமுற்றதே அதற்குக் காரணம் எனக் கண்டனர். மாசு என்று அதனைக் கொட்டிவிடாமல், அது எதற்கும் கரையாமலும் எதற்கும் அசையாமலும் இருப்பதை அங்கிருந்த இரசாயனவியலார் கவனித்தனர். இதையொத்த பொருள்களை 1907இலும் 1927இலும் வேறு ஆய்வாளர்கள் தற்செயலாகக் கண்டிருந்தனர். எனினும் அவற்றின் பயனை அக்காலத்தில் எவரும் உணரவில்லை.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பணிபுரிந்த லின்ஸ்ரெட் என்னும் பேராய்வாளர் அப்பொருளின் அமைப்பை ஆராய்ந்து, 1934ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். ஹொப்மன் முன்னர் கற்பித்த இரசாயனக் கல்லூரி பிற்காலத்தில் இணைந்ததும் இந்த இம்பீரியல் கல்லூரியோடுதான். புதிய பொருள்களின் குடும்பத்துக்குத் தலோசயனீன் என்று பெயர் வழங்கலாயிற்று. றொபேட்சன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிர்களைக்கொண்டு ஆராய்ந்து, லின்ஸ்ரெட்டின் முடிவு சரியே என நிலைநாட்டினார். இரும்புக்குப் பதிலாகச் செம்பை நடுவே இருத்தியபோது ஒப்பற்ற நீலம் ஒன்று பிறந்தது. 1935ஆம் ஆண்டில் அது சந்தைக்கு வந்தது. அந்த மூலக்கூற்றின் விளிம்பிலுள்ள பதினாறு ஐதரசன் அணுக்களுட் பெரும்பாலானவற்றை அகற்றி, அவற்றின் இடத்திற் குளோரீன் அணுக்களை வைத்தபோது நீலம் பச்சையாயிற்று. அப்பச்சையும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெளிவந்துவிட்டது.

இதிலே வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. புல்லின் பச்சையத்தின் நடுவே ஒரு மகனீசிய அணு இருக்கிறது. அதனை நான்கு நைதரசன் அணுக்கள் சூழ்ந்து ஒரு வளையத்திற் பிடித்து வைத்திருக்கின்றன. தலோசயனீனின் நடுவே ஒரு செம்பணு. அதனையும் நான்கு நைதரசன் அணுக்கள் சூழ்ந்துள்ளன. இயற்கையின் பச்சையும் மனிதனின் பச்சையும் அமைப்பில் உறவினர். குணத்திலோ வேறுபாடு பெரிது. கீரையை நெடுநேரம் அவித்தால் அதன் பச்சை மங்கிப் பழுப்பாவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். பச்சையம் தன் மகனீசியத்தை இழப்பதே அதற்குக் காரணம். செம்புத் தலோசயனீனைச் செறிந்த கந்தகவமிலத்திற் கரைத்து, அக்கரைசலை நீரில் ஊற்றினால், செம்பை இழக்காமல் அது முன்போலவே வெளிவருகிறது. மரகதப் பச்சையிலும் செம்பு இருந்தது. ஆயின் அங்கே செம்பின் துணைவன் பாஷாணம். இங்கோ அத்துணைவன் இல்லை. உறுதிக்கு நஞ்சு வேண்டியதில்லை என்பதை முதன்முதலில் ஐயமின்றிக் காட்டிய ஒளிமிக்க பச்சை இதுவே எனலாம்.

செயற்கைப் புற்றரை தோன்றிய காலத்தில் இத்தகைய நிறமிகள் ஆயத்தமாக இருந்தன. நைலோனை உருக்கி இழையாக இழுப்பதற்கு முன்னரே நிறமியை அதனுள் கலந்துவிடுவார்கள். நைலோன் உருகும் வெப்பநிலை 260 டிகிரி செல்சியஸ் அளவினது. அந்தச் சூட்டையும் வெயிலையும் தாங்கவல்ல நிறமிகள் சிலவே. பின்னர் பொலிபுரொப்பிலீன், பொலிஎதிலீன் ஆகிய பிளாஸ்டிக்குகளும் புல்லிழைகளாயின. அரங்குகளின் இருக்கைகளும் அத்தகைய பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்டன. அப்போது வேறொரு சிக்கல் தெளிவாயிற்று. நிறமி மாத்திரம் நிலைத்து நின்றாற் போதாது. அதனைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் வெயிலில் நொறுங்காமல் இருத்தல் வேண்டும். மின்கம்பி, தொலைபேசிக் கம்பிகளின் உறைகளிற் கரியைக் கலந்து இக்குறையைப் போக்கினர். அவ்வுறைகள் கருமையாக இருப்பதன் காரணம் அதுவே. பச்சைப் புல்லிலே கரியைக் கலக்க இயலாது. ஆகவே 1970களிலிருந்து அமீன் இனத்தைச் சேர்ந்த நிறமற்ற காப்புப் பொருள்கள் கையாளப்பட்டன. கதிர்கள் பிணைப்பை அறுக்குமிடத்தில் தோன்றும் சிதைவைத் தொடரவிடாமல் அவை தடுத்து நிறுத்துகின்றன.

வெண்கோடுகளுக்கும் வெண்ணிருக்கைகளுக்கும் வேண்டிய தைத்தானியம் ஈரொட்சைட்டு மற்றொரு பாடத்தைப் புகட்டியது. அப்பொடி தான் மாறாது; ஆயின் வெயிலில் தன்னைச் சூழ்ந்த பிளாஸ்டிக்கை அரிக்கத் துணைபோகிறது. பழைய இருக்கையைத் தடவினால் கையில் வெண்சுண்ணம் போல் ஒட்டும் தூள் அதன் விளைவுகளுள் ஒன்று. அதனைத் தடுப்பதற்கு ஒவ்வொரு துகளின்மீதும் சிலிக்கா, அலுமினா ஆகியவற்றால் மெல்லிய உறை இடவேண்டியதாயிற்று.

இந்தத் தரைகள் விளையாட்டின் போக்கையே மாற்றின. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் விழாவில் ஹொக்கி ஆட்டம் முதன்முறையாகச் செயற்கைப் புற்றரையில் நடைபெற்றது. அதற்கு முன்னர் ஏழுமுறை தங்கப்பதக்கம் வென்றிருந்த இந்தியா அவ்வாண்டில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. நியூசிலாந்து தங்கத்தைப் பெற்றது. தரை ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாதாயினும், இயற்கைப் புல்லில் வளர்ந்த கலை புதிய தரைக்குப் பழகவேண்டியிருந்தது என்பது உண்மை. 2012ஆம் ஆண்டு இலண்டன் விழாவில் ஹொக்கித் தரை பச்சையையும் கைவிட்டது. நீலத் தரை, சுற்றிலும் இளஞ்சிவப்பு, மஞ்சட் பந்து என்பது அங்கு கண்ட காட்சி. பந்து தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே நோக்கம். புல்லைப் போலத் தோன்றவேண்டும் என்று தொடங்கிய நிறம், இவ்வாறு கண்ணுக்கும் தொலைக்காட்சிக்கும் துணைசெய்யும் கருவியாயிற்று.

இனி, முன்னர் நினைவில் வைக்கப்பட்ட ஈயத்துக்கு வருவோம். தலோசயனீன் பச்சை நீலம் கலந்த பச்சை. அதனைப் புல்லின் பச்சையாக்குவதற்கு மஞ்சள் வேண்டும். வெயிலையும் சூட்டையும் தாங்கும் மலிவான மஞ்சளாகப் பலர் நாடியது ஈயக் குரோமேற்றை. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், நியூவாக் நகரத்து விளையாட்டு மைதானம் ஒன்றைச் சுகாதார அதிகாரிகள் பரிசோதித்தனர். அயலிலிருந்த பழைய இரும்புத் தொழிலிடத்திலிருந்து மாசு பரவியிருக்குமோ என்பதே அவர்களின் ஐயம். ஈயம் இருந்தது, ஆயின் அது புற்றரையின் நைலோன் இழைகளிலேயே இருந்தது. நிறமிக்குள் பூட்டப்பட்டிருந்த ஈயம், ஆண்டுகள் செல்ல இழை தேய்ந்து தூளானபோது, தூளோடு வெளிவரத் தலைப்பட்டது. விளையாடும் குழந்தைகளின் கைகளில் அத்தூள் படியும். கைகள் வாய்க்குச் செல்லும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வது. சில மைதானங்கள் மூடப்பட்டன.

அவ்வாண்டிலேயே அமெரிக்க நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையம் வேறு சில தரைகளைச் சோதித்து, அவற்றிலிருந்து வெளிவரும் ஈயம் சிறுவருக்குத் தீங்கு செய்யும் அளவினதன்று என அறிவித்தது. எனினும் ஈயம் சேர்ந்த நிறமிகளை உற்பத்தியாளர் தாமாகவே கைவிடுவது நன்று என்றும் அது கேட்டுக்கொண்டது. ஐரோப்பாவில், 2015ஆம் ஆண்டு முதல் தனி அனுமதியின்றி அத்தகைய ஈய நிறமிகளைப் பயன்படுத்தல் ஆகாது என்பது விதியாயிற்று. மாற்றுப் பொருள்கள் அதேயளவு சிறந்தனவல்ல என்னும் வாதத்தின் துணையால் வழங்கப்பட்ட ஓர் அனுமதியை, சுவீடன் அரசு தொடுத்த வழக்கில், 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் இரத்துச் செய்தது.

மாற்று இல்லாமலில்லை. பிசுமத்து வனேடேற்று என்னும் ஒளிமிக்க மஞ்சள் 1980களில் விற்பனைக்கு வந்தது. தைத்தானியத்தோடு நிக்கலையோ குரோமியத்தையோ பளிங்கினுள் இறுக்கிச் சூளையிற் சுட்டெடுத்த மஞ்சள்களும் உண்டு. அவை விலை கூடியவை. சில சற்று வெளிறியவை. ஆயினும் வெயிலில் அசையாதவை. கோபாற்றும் குரோமியமும் சேர்ந்த சில பச்சைகள், கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்பும் இயல்பினால், வெயிலிற் புற்றரை சூடேறுவதையும் ஓரளவு குறைக்கின்றன. இயற்கைப் புல் தன் இலைகளிலிருந்து நீரை ஆவியாக்கிக் குளிர்ந்து கொள்கிறது. செயற்கைப் புல்லுக்கு அத்திறன் இல்லாமையால், நிறமியிடமே அந்த உதவியையும் நாடவேண்டியுள்ளது.

ஷூரர் என்னும் நங்கை இறந்த ஆண்டுக்கும் நியூவாக் மைதானம் பரிசோதிக்கப்பட்ட ஆண்டுக்கும் இடையே 147 ஆண்டுகள் சென்றன. இக்காலத்தில் நிறத்தைப் பரீட்சிக்கும் முறைகள் பல வளர்ந்தன. எட்டுப் படிகளாகச் சாயமிட்ட நீலக் கம்பளித் துண்டுகளை அருகில் வைத்து வெளிறுதலை அளவிடுகின்றனர். புளோரிடாவின் கடும் வெயிலில் மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்க்கின்றனர். ஒரு நிறம் எத்தனை ஆண்டு நிற்கும் என்ற வினாவுக்கு இன்று தக்க விடை கூறலாம். ஆயின் நிறத்தைத் தாங்கிய இழை தேய்ந்து தூளாகும் நாளில், அத்தூளிலே என்ன இருக்கும் என்பது வேறொரு வினா. பூ வேலைத்தலத்துப் பெண்ணுக்காக அதனைக் கேட்டவர் அவள் இறந்தபின் கேட்டனர். மைதானத்துச் சிறுவருக்காகக் கேட்டவர், இழைகள் தேய்ந்தபின்னரே கேட்டனர். புதிய மைதானமொன்றை அமைப்போர் அவ்வினாவைத் தரையை விரிக்குமுன் கேட்பாராயின், வெயிலில் வெளிறாத பச்சை எவருக்கும் தீங்கில்லாத பச்சையாகவும் நிலைபெறும்.